கோலின் மறுமுனை

ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்ச்சுத் தெருப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அந்த நிலைக்கால் மறந்திருக்காது. பாலர் வகுப்புக்குள் நுழையும்போது இடப்பக்கம், ஐந்து வயதுப் பிள்ளையின் உச்சந்தலை எட்டும் உயரத்தில், மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். உளி பட்ட இடம் ஆறிய புண் மாதிரி வெளுத்துத் தெரியும். உள்ளே போகிற பிள்ளைகள் ஒருதரம் அதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். வர்ணம் அடிக்க வந்த ஆட்கள் ஒருமுறை அதை மக்கு வைத்து அடைக்கப் போனபோது, அதிர்ந்து பேசியே பழக்கமில்லாத அன்னாள் டீச்சர் வகுப்பை விட்டு வெளியே ஓடி வந்தாள்.

"அது அப்படியே கெடக்கட்டும். வேற எங்க வேணும்னாலும் பூசிக்கிடுங்க."

ஏன் என்று கேட்டவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்னாள் தச்சர் வீட்டுப் பெண். அப்பா பால்துரை கதவு, சன்னல், நாற்காலி என்று எது கேட்டாலும் செய்வார். சபையில் சாவு விழுந்தால் பெட்டியும் அவர்தான் செய்வார். வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஜெபதுரை, அடுத்தவள் அன்னாள், கடைக்குட்டி ஏசம்மாள். அந்தச் சின்னவள் தவழ்கிற வயதில் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த, மரம் ஒட்டுகிற வச்சிரப் பசைச் சட்டியைப் பிடித்து இழுத்துவிட்டாள். வலது கை வெந்து, முழங்கையில் தோல் சுருங்கிப் போயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கை நீளவே இல்லை.

அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். தொடாவிட்டால் அடுத்த வருஷம். ஏசம்மாளுக்கு வலது கை மடங்கியே கிடந்ததால் அவள் இடது கையால் வலது காதைத் தொட்டுத் தொட்டுப் பழகினாள். அன்னாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போதெல்லாம் வாசலில் வந்து நின்று ஒரே கேள்வி.

"யக்கா, இடது கையால தொட்டா சேத்துக்குவாகளா?"

"கேட்டுச் சொல்லுதேன்."

கேட்பதற்குள் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் ஏசம்மாள் போய்விட்டாள். அன்னாளுக்கு அப்போது எட்டு வயது. பெட்டியைப் பார்க்க விடாமல் அவளைப் பக்கத்து வீட்டில் வைத்திருந்தார்கள்.

பிற்பாடு அன்னாள் எட்டாம் வகுப்பு முடித்தாள். பயிற்சியும் முடித்து அதே பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்புக்கு டீச்சராக வந்தாள். அந்த வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அவள்தான். அம்மா முன்னமே இறந்திருந்தாள். அன்னாள் வேலைக்குச் சேர்ந்த சில வருஷத்தில் அப்பாவும் இறந்தார். அப்பாவின் தொழில் ஜெபதுரை கைக்கு வந்தது.

ராஜபாளையத்தில் பஞ்சாலை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. சன்னல் வேலைக்காக ஜெபதுரை அங்கேயே தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயந்தரம் மட்டும் வீட்டுக்கு வருவான். அப்போதுதான் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு துரைசானியம்மா வந்தார். அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. பட்டிக்காட்டுப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலேயே இரண்டு மூன்று வருஷம் உட்கார்ந்துவிட்டு, பிறகு வராமலே நின்றுவிடுகிறார்களே, ஏன்? குற்றம் பள்ளிக்கூடத்திலா, பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முந்திய வருஷங்களிலா? பிள்ளைகள் வீட்டில் எப்படி வளர்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், எந்தப் பருவத்தில் என்ன செய்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதித் தர ஓர் உள்ளூர்ப் பெண் வேண்டும் என்றார். தலைமையாசிரியர் தேவஇரக்கம் அன்னாளைக் கைகாட்டினார். நன்றாகச் செய்தால் பாலர் வகுப்பு வேலை நிரந்தரமாகும் என்றும் சொல்லி வைத்தார்.

துரைசானியம்மா ஒரு துணிப்பையைக் கொடுத்தார். அதில் ஒரு மணி, சிவப்புப் பந்து, வழவழப்பான கூழாங்கற்கள், ஒரு தம்ளர், உயரம் அளக்க ஒரு துணி நாடா. பிள்ளைக்குப் பின்னால் மணியடித்தால் திரும்புகிறதா, தம்ளர் நிறையத் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவருகிறதா, கல்லை எண்ணுகிறதா, ஆளை எண்ணுகிறதா என்று பார்க்க வேண்டும். அன்னாளுக்கு மம்சாபுரமும் வன்னியம்பட்டியும் ஒதுக்கப்பட்டன. ஊரார் இதற்குப் பிள்ளை விசாரிப்பு என்று பெயர் வைத்தார்கள்.

முதல் நாளே நாடாவில் தகராறு. வன்னியம்பட்டியில் இருளம்மாள் என்று ஒரு பருத்திக் காட்டுக் கூலிக்காரி. மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"கயிறு போட்டு அளக்கது குழி வெட்டதுக்குத்தான், டீச்சரம்மா. எங்க வீட்டுல ஆரும் சாகல."

"இது கயிறு இல்லம்மா, துணி."

"துணின்னா கோடித்துணியா? நல்லாருக்கே நீங்க சொல்லுதது!"

தெருவே சிரித்தது. ஆனால் ஒருத்தியும் பிள்ளையை விடவில்லை.

அன்னாளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா வேலை செய்த பின்கட்டுக்குப் போனாள். மூலையில் இரண்டு அளவுகோல்கள் சாய்ந்திருந்தன. ஒன்று கனம். மற்றது ஒல்லியாக, கை பட்டுப் பட்டு மெழுகு தேய்த்த மாதிரி வழவழப்பாக இருந்தது. தூக்க இலகுவானதை எடுத்துக்கொண்டாள். அதில் கீழிருந்து மேலாக வரிசையில்லாமல் பல வெட்டுக்குறிகள். ஓரிடத்தில் மட்டும் ஒரு சின்னச் சிலுவை. அப்பா பக்திமான், எதையாவது தொடங்குமுன் சிலுவை போடுகிறவர். அப்படித்தான் என்று நினைத்தாள்.

கோலைப் பார்த்ததும் பயம் போயிற்று. "இது கதவு நிலைக்கு அளக்க மாதிரில்லா இருக்கு" என்று பிள்ளைகளை நிறுத்தினார்கள். பள்ளிக்கூடம் போகத் தோதான பிள்ளைகள், அதாவது சொன்னதைக் கேட்டுச் செய்து, தம்ளரைச் சிந்தாமல் கொண்டுவருகிறவர்கள், ஏறக்குறைய அந்தச் சிலுவை உயரத்துக்கு வந்திருப்பதை அன்னாள் கவனித்தாள். அதையே ஒரு எல்லையாக எழுதி அனுப்பினாள். துரைசானியம்மாவிடமிருந்து பாராட்டி ஒரு வரி வந்தது. தேவஇரக்கம் சாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பருத்தி எடுக்கிற காலத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளைக்கூடப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுப் போகிறார்கள், காதைத் தொடச் சொன்னால் கையைப் பிடித்து இழுத்துத் தொடவைக்கிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் குறை. கோலை வாங்கிப் பாலர் வகுப்பு நிலைக்காலில் சாய்த்து, அதே உயரத்தில் பேனாக்கத்தியால் தன் கையாலேயே ஒரு சிலுவை கீறினார்.

"இனி காதும் கிடையாது, கையும் கிடையாது. சிலுவைக்கு வந்தாச்சா, உள்ளே. வரலையா, அடுத்த வருஷம். ரூல்னா ரூல்."

ஊர்களிலும் அது பரவியது. பிள்ளைகள் அன்னாளைக் கண்டதும் ஓடிவந்து, "டீச்சரு, சிலுவைக்கு வந்துட்டனா?" என்று குதிகாலை உயர்த்தி நிற்பார்கள்.

ஒன்று மட்டும்தான் அவளுக்கு விளங்கவில்லை. கல்லை எண்ணச் சொன்னால் பிள்ளைகள் சரியாக எண்ணினார்கள். ஆளை எண்ணச் சொன்னால் தப்பு வந்தது. "இங்க நாம எத்தன பேரு இருக்கோம்?" என்று கேட்பாள். வீட்டில் அவளும் தாயும் பிள்ளையும்தான் இருப்பார்கள். பிள்ளை நாலு என்று சொல்லும். இன்னொரு வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஆறு என்று சொல்லும். எப்போதும் ஒன்று கூடுதல்தான், ஒருநாளும் குறைந்ததில்லை.

மம்சாபுரத்தில் ஒரு பையன் இப்படி எண்ணியபோது, தாய் நிறைமாசமாக இருந்தாள். பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் வாசலில் நின்று கையைத் தட்டினாள்.

"அவன் சரியாத்தான் சொல்லுதான் டீச்சரம்மா! வயித்துல இருக்கதையும் சேத்துட்டான். இவன் கணக்குப்பிள்ளையாத்தான் வருவான்."

"போட்டி அங்கிட்டு!" என்று தாய் வெட்கப்பட்டாள். அன்னாளும் சிரித்தாள். அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தாயின் வயிற்றைப் பார்க்கவே இல்லை. அன்னாள் சுவரில் சாய்த்து வைத்திருந்த கோலின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் இருதயம். அன்றைக்கு அளந்ததில் அவன் உச்சந்தலை சிலுவைக்கு மயிரிழை பிசகாமல் வந்தது. "இந்த ஜூன் மாசம் அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டு, ஆள் எண்ணுவதில் தவறு என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

அவள் அதிகம் விரும்பிப் போனது இருளம்மாள் வீட்டுக்கு. மகள் வேலுத்தாய் பார்வைக்கு ஒன்றும் இல்லாத பிள்ளை. எண்ணெய் காணாத தலை, வெடித்த உதடு. ஆனால் மணிச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே காட்டுவாள். தம்ளர்த் தண்ணீரைக் கோழிகளுக்கு நடுவே சிந்தாமல் கொண்டுவருவாள். சிலுவைக்கு மட்டும் கொஞ்சம் குறைவு.

"அவ இந்த ஜூனுக்குள்ள அதுக்கு வந்துருவாளா?" என்று இருளம்மாள் கேட்டாள். "வரலைன்னா ராஜபாளையத்துக்கு விட்டுருவேன். அங்க ஒரு தெலுங்குக்காரவுக வீட்டுல கைப்புள்ளய ஆட்டிக்கிட்டுக் கெடக்க ஆள் கேக்காக. சோறு போட்டுத் துணி எடுத்துக் குடுப்பாக. நான் காட்டுக்குப் போயிட்டா இவள ஆரு பாக்கா? ஓடையில விழுந்தாலும் தெரியாது."

"அடுத்த வருஷமாவது..."

"போனபொறவு எங்க திரும்பி வாரது? அவிய விடுவாகளா?"

அது உண்மைதான். பிள்ளை தூக்கப் போன பெண்குழந்தை ஒன்றுகூடப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்ததில்லை. அந்த ஒரு வருஷத்தில் வேலுத்தாயின் வாழ்க்கையே அடங்கியிருந்தது. அதற்கு நடுவே நின்றது ஒரு நகத்தளவு உயரம்.

அன்னாள் பேச்சை மாற்ற, "வேலு, இங்க நாம எத்தன பேரு?" என்று கேட்டாள்.

வேலுத்தாய் விரலை நீட்டி எண்ணினாள். "நீங்க ஒண்ணு. எங்காத்தா ரெண்டு. நான் மூணு. இவ நாலு."

நாலாவதற்கு நீண்ட விரல் கோலின் கீழ்முனையைக் காட்டிற்று. அங்கே வெயில் மட்டும் கிடந்தது.

"எவட்டி?" என்று இருளம்மாள் அதட்டினாள்.

"டீச்சருகூட வருமே. அந்த முனையப் புடிச்சிக்கிட்டு வரும்."

இருளம்மாள் மகளின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அடுப்புச் சாம்பலை எடுத்து நெற்றியில் பூசினாள். அன்னாள் கிறிஸ்தவ வேதத்தில் வளர்ந்தவள், இதையெல்லாம் நம்பக் கூடாதவள். பிள்ளைகள் இல்லாத தோழியைக் கற்பித்துக்கொள்வதுண்டு என்று துரைசானியம்மா சொல்லியிருந்தார். அதை நினைத்துத் தைரியப்படுத்திக்கொண்டு கிளம்பினாள். ஆனால் ஊர் எல்லை தாண்டும்வரை கோலைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாள். வழக்கமாக அதன் கீழ்முனை தரையில் இழுபட்டுக்கொண்டு வரும்.

இன்னொரு நாள் நடுப்பகலில் அவள் வன்னியம்பட்டிக்குப் போனபோது பெரியவர்கள் எல்லாம் காட்டில் இருந்தார்கள். தெரு ஓசையில்லாமல் கிடந்தது. பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சத்தம் இல்லையென்றால் ஏதோ நடக்கிறது என்று பாலர் வகுப்பு டீச்சருக்குத் தெரியும். புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். மரத்தடியில் பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். கால் சேர்த்து, கை மார்பில் வைத்து, கண் மூடி. வேலுத்தாய் ஒரு பனைமட்டையை வைத்து ஒவ்வொருவராக அளந்துகொண்டு வந்தாள். அளந்து முடித்தவர்கள்மேல் புளிய இலையை உருவித் தூவினாள்.

"என்ன வெளாட்டு இது?" என்று அன்னாள் கேட்டாள்.

"பிள்ள விசாரிப்பு, டீச்சரு."

"நான் நிக்க வச்சுத்தான அளப்பேன்?"

வேலுத்தாய் பொறுமையாக, பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். "நிக்கப்படாது. அந்தக் கோலுக்குப் படுத்தாத்தான் சரியா இருக்கும். இவதான் சொன்னா."

படுத்திருந்த பிள்ளைகளில் ஒன்று சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணைத் திறந்தது. உடனே எல்லாம் எழுந்து கூச்சலிட்டுக்கொண்டு ஓடின. அந்தக் கூச்சல் அன்னாளுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை ஜெபதுரை வழக்கத்துக்கு முன்னமே வீட்டுக்கு வந்தான். சாப்பிடக்கூட உட்காராமல் பின்கட்டை உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஏட்டி அன்னா, இங்க மூலையில இருந்த கோலு எங்க?"

"எந்தக் கோலு? அந்தா இருக்கே."

"அது நிலைக்கோலு. ஒல்லியா ஒண்ணு இருக்கும்லா."

"அத நான் எடுத்திருக்கேன். விசாரிப்புக்கு."

ஜெபதுரை திரும்பிப் பார்த்தான். கையில் இருந்த இழைப்புளி அப்படியே நின்றது.

"எதுக்கு?"

"பிள்ளைக உயரம் அளக்க."

"அடியே! அது பெட்டிக்கோலுடி." அவன் குரல் இறங்கிப் போயிற்று. "சின்னப் பிள்ளைக பெட்டிக்குன்னே அப்பா வச்சிருந்தது. அதுல இருக்க வெட்டெல்லாம் ஒவ்வொண்ணும் ஒரு பிள்ள. செத்த வீட்டுல போயித் தாய் முன்னால அளந்துக்கிட்டு நிக்க அப்பாவுக்கு மனசு வராது. வயசு கேப்பாரு, பழைய வெட்டப் பாத்து நாலு விரல் கூட்டி அறுத்துருவாரு. புதுசா அளக்க வேண்டியிருந்தா ஒரு வெட்டுக் கூடும்."

"சிலுவை?" என்றாள் அன்னாள்.

"அது நம்ம ஏசம்மா. அதுக்கு மட்டும் வெட்டுப் போட அப்பாவுக்குக் கை வரல."

பிறகு அன்னாள், "இப்ப எதுக்கு அண்ணே தேடுதே?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்த மாதிரி இருந்தது.

"மம்சாபுரத்துல ஒரு பையன். ரெண்டு நாள் காய்ச்சலாம். இருதயம்னு பேரு."

கோலைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜெபதுரை அதை வாங்கிக்கொண்டு, எந்தக் குறி என்று விரலால் தடவிக்கொண்டே போனான். அன்னாள் சொன்னாள், "சிலுவையில பாரு அண்ணே. அளவு சரியா இருக்கும்."

அடுத்து வந்த நாட்களில் அவள் பட்ட பாட்டை யாரிடமும் சொல்லவில்லை. சிலுவைக்கு வந்த பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் ஒருதரம் போய் வந்தாள். எல்லோரும் இருந்தார்கள். ஒருத்தி நாய்க்குட்டியை மடியில் வைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவன் மாங்காய் திருடி அடிவாங்கிக்கொண்டிருந்தான். ஊரில் காய்ச்சல் என்றால் யாராவது போகத்தான் செய்வார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பகலில் அது பொருத்தமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் நுழைகையில் மட்டும் நிலைக்காலைப் பார்க்காமல் தலைகுனிந்து போனாள்.

தேவஇரக்கம் சாரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் அவர் மேசை வரைக்கும் போனாள். என்னவென்று சொல்வது? தன் விசாரிப்பின் எல்லைக்கோடு ஒரு சவப்பெட்டியின் அளவு என்றா? அந்தக் கோட்டை வைத்துத்தான் துரைசானியம்மா பாராட்டினார். அதில்தான் தன் வேலை நிற்கிறது. சொன்னால் இத்தனை மாத உழைப்பும் ஊர் சிரிக்கிற கதையாகும். சொல்லாவிட்டால் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் ஏசம்மாளின் உயரத்தில் தலையைச் சாய்த்து நிற்பார்கள். வேலுத்தாய் வளர்ந்துவிடக் கூடாது என்று ஜெபித்தாள். வளராவிட்டால் ராஜபாளையம் போய்விடுவாளே என்று உடனே வேறு மாதிரி ஜெபித்தாள். எந்த ஜெபத்தை முடிப்பது என்று தெரியாமல் முழங்காலில் இருந்து எழுந்தாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று பாலர் வகுப்பு வாசலில் தாய்மாரும் பிள்ளைகளுமாகக் கூட்டம். தேவஇரக்கம் சார் நாற்காலி போட்டு நிலைக்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையாக வந்து சிலுவையின் கீழ் முதுகைச் சாய்த்தது. இருளம்மாள் கடைசியில் வந்தாள். ஒரு கையில் மகள், ஒரு கையில் துணிமூட்டை.

"எடுத்துக்கிட்டாச் சரி. இல்லைன்னா இப்படியே ராஜபாளையம் வண்டிதான்" என்று அன்னாளிடம் சொன்னாள்.

வேலுத்தாய் போய் நின்றாள். தலையில் இன்றைக்கு எண்ணெய் வைத்திருந்தார்கள். உச்சிக்கும் சிலுவைக்கும் நடுவே ஒரு நகத்தளவு மரம் தெரிந்தது.

"வரலையே" என்றார் தேவஇரக்கம் சார். "அடுத்த வருஷம் பாப்போம்மா."

இருளம்மாள் மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மகளின் கையைப் பிடித்தாள். வேலுத்தாய் நகரவில்லை. யாரோ பக்கத்தில் நின்று சொல்வதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தாள். பிறகு இடது கையைத் தூக்கி, தலைக்கு மேலே கொண்டுபோய், வலது காதைத் தொட்டாள்.

சார் சிரித்துவிட்டார். "அந்த ரூல் எல்லாம் போயிருச்சு தாயி. அதுவும் வலது கையாலல்லா தொடணும்."

"நான் கேக்கல சாரு" என்றாள் வேலுத்தாய். "இவ கேக்கா. இடது கையால தொட்டா சேத்துக்குவாகளான்னு கேக்கா."

அன்னாளுக்கு வாசலும் கூட்டமும் எங்கோ தள்ளிப் போயின. அந்தக் கேள்வியை உலகத்தில் இரண்டே பேர் அறிவார்கள். ஒருத்தி கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள்.

"சேத்துக்குவோம்" என்றாள்.

"என்ன டீச்சர்?" என்று சார் திரும்பினார்.

"சேத்துக்குவோம் சார். இந்தச் சிலுவை வேண்டாம். இது உயரக்குறி இல்ல. செத்துப்போன என் தங்கச்சியோட பெட்டிக்கு அப்பா எடுத்த அளவு. கோலு மாறிப் போச்சு. எந்தப் பிள்ளையையும் இதுல நிறுத்தியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."

கூட்டம் ஒரே மூச்சாகப் பின்வாங்கியது. தாய்மார் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். தேவஇரக்கம் சார் தன் கையால் கீறிய சிலுவையைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்து, தள்ளி நின்றார். இருளம்மாளின் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று.

"எம்மவள அதுல சாத்தி நிக்க வச்சீகளே!"

"அவ அதுக்கு வரல இருளம்மா" என்றாள் அன்னாள். "கீழதான் இருக்கா. நீயே பாரு."

இருளம்மாள் பார்த்தாள். சற்று முன்னால் மகளின் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்த்த அந்த நகத்தளவு இடைவெளியை இப்போது விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தாள். இடைவெளி இருந்தது. மூட்டை அவள் இடுப்பிலிருந்து நழுவிற்று.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பிள்ளையை உள்ளே போகச் சொல்லுங்க" என்றார். ரூல் என்ன என்று அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயந்தரம் ஜெபதுரை உளியோடு வந்து சிலுவையைக் குடைந்து எடுத்தான். துரைசானியம்மாவுக்கு நடந்ததை அன்னாளே எழுதினாள். பதில் வரவில்லை. வேலை நிரந்தரமாக வெகு காலம் பிடித்தது. வேலுத்தாய் எட்டாம் வகுப்பு முடித்து, நர்ஸ் வேலைக்குப் படித்து, மதுரை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அந்த உயரத்தை எப்போது தாண்டினாள் என்று யாரும் பார்க்கவில்லை. தங்கள் பிள்ளைகளின் ஆயுசுக்குப் பயந்து சில தாய்மார் கொஞ்ச நாள் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லை. பிறகு வந்தார்கள். அன்னாள் கடைசி வரைக்கும் ஒரு பிள்ளையையும் அளக்கவில்லை. ஆளை எண்ணச் சொல்லி, ஒன்று கூட்டிச் சொல்கிற பிள்ளைக்கும் சரி என்றே போட்டாள்.

ஆனால் அன்றைக்கு வாசலில் நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தாய்மார் பிள்ளைகளோடு கலைந்து போன பின் வேலுத்தாய் படியில் நின்றுகொண்டிருந்தாள். அன்னாள் குனிந்து, மெதுவாக, முன்பு கேட்ட மாதிரியே கேட்டாள்.

"வேலு, இங்க நாம எத்தன பேரு?"

வேலுத்தாய் விரலை நீட்டினாள். "நீங்க ஒண்ணு. சாரு ரெண்டு. எங்காத்தா மூணு. நான் நாலு."

சரியான கணக்கு. அன்னாள் மூச்சு விட்டாள். "அவ எங்க?"

வேலுத்தாய் வகுப்பின் உள்ளே எட்டிப் பார்த்தாள். இன்னும் யாரும் உட்காராத பாய்கள் வரிசையாக விரிந்து கிடந்தன.

"அவ அப்பவே போயி மொத வரிசையில உக்காந்துட்டா டீச்சரு. நீங்கதான் இன்னும் வெளிய நிக்கிய."